ஓஇடி லிசனிங்கும் ஃப்ரேசல் வெர்ப்களும்: என் இரண்டு லட்சத்துப் பாடம்

இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போவதற்காக ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அதிலும், கிராமர் சுமாராக வருகிறது, மெடிக்கல் வார்த்தைகள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் லிசனிங்கில் மட்டும் மார்க் ஏற மாட்டேன் என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். தேர்வுக் கட்டணம், கோச்சிங், படிப்பதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களின் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டினால் எனக்குப் போனது இரண்டு லட்சத்துக்குப் பக்கம். என் காலை வாரியது பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் இல்லை. 'கம்', 'கோ', 'கீப்', 'புட்' என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்ட சொற்கள்தான். அவற்றோடு 'அப்', 'ஆஃப்', 'டவுன்' மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் அர்த்தம் வேறு எங்கோ போய்விடும். அதற்குத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர்.

நான் தமிழ் மீடியத்தில் படித்து, பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது என்எம்சி, ஓஇடியில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் பி கிரேடும் ரைட்டிங்கில் சி பிளஸ்ஸும் கேட்கிறது. பி என்றால் 350 மார்க், சி பிளஸ் என்றால் 300. நான் கட்டியபோது தேர்வுக் கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 32,000 ரூபாய். அன்றைக்கு என் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது என்ன தொகை என்று தனியார் மருத்துவமனை ஸ்டாஃப் நர்ஸ் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோச்சிங் சென்டரில் இன்னொரு 25,000. அங்கே முதல் வாரமே ஸ்பைரல் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஏ முதல் இசட் வரை ஃப்ரேசல் வெர்ப் பட்டியல், பக்கத்திலேயே தமிழ் அர்த்தம். 'கெட்' மட்டும் இரண்டு பக்கம் போனது. ஒரு நாளைக்கு இருபது மனப்பாடம், மறுநாள் டெஸ்ட். டெஸ்டில் நான்தான் எப்போதும் முதல் ஆள்.

தேர்வில் லிசனிங்கின் முதல் பகுதியைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் புரியும். நோயாளி ஒருவர் டாக்டரிடமோ நர்ஸிடமோ தன் கதையைச் சொல்லும் உரையாடல் இரண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் 12 காலியிடம், மொத்தம் 24. கேட்கக் கேட்க நிரப்ப வேண்டும். ஒரே தடவைதான் ஓடும். நிஜத் தேர்வில் என்ன வந்தது என்று வெளியே சொல்லக் கூடாது, அதனால் அந்தச் சாயலில் நானே ஒன்று சொல்கிறேன். "இட் கம்ஸ் ஆன் ஆஃப்டர் மீல்ஸ், அண்ட் ஐவ் கான் ஆஃப் மை ஃபுட்" என்கிறார் நோயாளி. சாப்பிட்ட பிறகு வலி ஆரம்பிக்கிறது, சாப்பாட்டில் நாட்டமே போய்விட்டது என்று அர்த்தம். பட்டியலில் 'கம் ஆன்' என்றால் 'வா வா, சீக்கிரம்' என்று படித்திருந்தேன். 'கோ ஆஃப்' என்றால் 'வெடித்தல்'. சாப்பாட்டில் என்ன வெடிக்கிறது என்று யோசித்து முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். போன வாக்கியம் போனதுதான். இதே மாதிரி இடங்களில்தான் அன்றைக்கு நான் வரிசையாகக் கோட்டை விட்டேன்.

ரிசல்ட்டில் ரீடிங் பி, ஸ்பீக்கிங் பி, ரைட்டிங் சி பிளஸ், லிசனிங் சி பிளஸ். ஒரே ஒரு பகுதி! ஆனால் அந்த ஒன்றை மட்டும் எழுத முடியாது, நான்கையும் மறுபடி எழுத வேண்டும், முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு தேர்வு முடிவுகளை என்எம்சி சேர்த்து ஏற்றுக்கொள்ளும். நம் ஆட்கள் கிளப்பிங் என்பார்கள். 2023இலிருந்து இதற்கு 12 மாத அவகாசம். ஆனால் இரண்டு முறையும் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் சி பிளஸ்ஸுக்குக் கீழேயும், ரைட்டிங் சிக்குக் கீழேயும் போகக் கூடாது. அதனால் லிசனிங்கிலேயே குறியாக இருந்து மற்றதை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

கோச்சிங் சென்டரில் போய்க் கேட்டேன். "இன்னொரு பேட்ச் சேருங்க சிஸ்டர், பாதிக் கட்டணம்தான்" என்றார்கள். அதே ஸ்பைரல் புத்தகம் மறுபடியும். சேரவில்லை. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியராக இருந்து, இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் வேலையில் இருக்கும் ஒரு அக்காவுக்கு போன் போட்டு அழுதேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏ புள்ள, நீ வாழ்க்கையில ஒரு பேஷண்ட்டாவது இங்கிலீஷ்ல பேசிக் கேட்டிருக்கியா?"

இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் கேட்டதில்லை. "வயித்துல எதுவும் தங்க மாட்டேங்குது சிஸ்டர்" என்று நோயாளி தமிழில் சொல்வார். நாம் கேஸ் ஷீட்டில் 'வாமிட்டிங், நாட் டாலரேட்டிங் ஓரல் ஃபீட்ஸ்' என்று எழுதுவோம். டாக்டர்களும் அப்படித்தான். நமக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்க எழுத்தில் பழகியது. புத்தகம், ரெக்கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, லீவ் லெட்டர். நடுவில் ஒரு அடுக்கு இருக்கிறது, ஆங்கிலேயப் பாட்டி தன் வயிற்றைப் பற்றிச் சொல்லும் ஆங்கிலம். அது நம் காதில் விழுந்ததே இல்லை. அந்தப் பாட்டி 'வாமிட்' என்றுகூடச் சொல்வார், ஆனால் பெரும்பாலும் "ஐ கான்ட் கீப் எனிதிங் டவுன்" என்பார். நாம் படித்த 'டாலரேட்', 'போஸ்ட்போன்' வகையறா எல்லாம் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து கோர்ட்டுக்கும் புத்தகத்துக்கும் அந்த மாதிரிச் சொற்கள் வந்து குவிந்தன. வீட்டுப் பேச்சில் பழைய சின்னச் சொற்களே தங்கிவிட்டன. நாம் கோர்ட்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தவர்கள், வீட்டுக்குள் பேசுவது நமக்குப் புரியாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த விஷயம் நமக்குப் புதிதும் இல்லை. 'எழுதித் தள்ளினான்' என்றால் யாரையும் தள்ளிவிடவில்லை என்று நமக்குத் தெரியும். 'போய்த் தொலை' என்றால் யாரும் தொலைந்துபோவதில்லை. 'கண்டுபிடி'யில் கையால் பிடிக்க எதுவும் கிடையாது. இவற்றை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தரவில்லை. இன்ன இடத்தில் இன்னார் இப்படிச் சொன்னார் என்று கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. அக்காவும் அதைத்தான் சொன்னார். "லிஸ்ட்டத் தூக்கிப் போடு. ஒடம்புல ஒவ்வொரு எடமா எடுத்துக்கோ. அங்க வலிச்சா ஒரு கெழவி என்ன சொல்லுவான்னு எழுது."

அப்படியே புது நோட்டுப் போட்டேன். வயிற்றுக்கு ஒரு பக்கம்: 'த்ரோ அப்' வாந்தி எடுப்பது, 'கீப் டவுன்' சாப்பிட்டது வயிற்றில் தங்குவது, பிறகு 'பிரிங் அப்'. 'பிரிங் அப்' வாந்திக்கும் வரும், சளி வெளியே வருவதற்கும் வரும், குழந்தை வளர்ப்பதற்கும் வரும். மயக்கத்துக்கு ஒரு பக்கம்: 'பாஸ் அவுட்' மயங்குவது, 'கம் ரவுண்ட்' தெளிவது. தோலுக்கு 'கம் அவுட் இன் எ ராஷ்' தடிப்பு வருவது, 'ஃப்ளேர் அப்' அது திடீரென்று அதிகமாவது, 'கிளியர் அப்' சரியாவது. வீக்கம் ஏறினால் 'ஸ்வெல் அப்', வடிந்தால் 'கோ டவுன்'. தூக்கத்துக்கு 'நாட் ஆஃப்' (nod off), 'டிராப் ஆஃப்', இரண்டுமே கண்ணயர்வதுதான். மாத்திரைக்குத்தான் பெரிய பக்கம்: டாக்டர் ஒரு மருந்தை ஆரம்பித்தால் 'புட் மீ ஆன்', நிறுத்தினால் 'டுக் மீ ஆஃப்', மருந்தின் வேகம் குறைந்தால் 'வேர் ஆஃப்', குறைத்துக்கொண்டால் 'கட் டவுன்', தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. எது வலியைக் கிளப்புகிறது என்று டாக்டர் கேட்பது "வாட் பிரிங்ஸ் இட் ஆன்?" அல்லது "வாட் செட்ஸ் இட் ஆஃப்?" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எல்லாம் சேர்த்து நூறுகூட வராது. ஐநூறு மனப்பாடம் செய்ததைவிட இந்த நூறுதான் உதவியது. நீங்கள் நர்ஸாக இல்லாமல் ஐடியிலோ ஹோட்டல் வேலையிலோ இருந்தாலும் இதே வழி போதும், உங்கள் வேலையில் தினம் என்னென்ன நடக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அர்த்தம் தெரிந்த பிறகும் காதில் பிடிபடவில்லை. இது இன்னொரு தலைவலி. அவர்கள் 'த்ரோ அப்' என்று பிரித்துச் சொல்வதே இல்லை, 'த்ரோவப்' என்கிறார்கள். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' என்றுதான் விழும். முதல் சில நாள் ஏதோ புது வார்த்தை என்று அகராதியில் தேடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகுதான் உறைத்தது: மெய்யெழுத்தின் மேல் உயிர் வந்து உட்காரும் என்று தமிழ்ப் பாடத்தில் படித்த அதே புணர்ச்சிதான். குட்டிச் சொற்களில் பெரும்பாலானவை உயிரெழுத்தில் தொடங்குகின்றன, அதனால் முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒரு உதவி உண்டு. ஃப்ரேசல் வெர்ப்பில் குரலின் அழுத்தம் பெரும்பாலும் அந்தக் குட்டிச் சொல்லில்தான் விழும். 'டேக் இட் ஆஃப்' என்றால் 'ஆஃப்' தூக்கலாகக் கேட்கும். 'லுக் அட் இட்' மாதிரி சாதாரண இடங்களில் 'அட்' விழுங்கப்பட்டுவிடும். அதே ஜோடி பெயர்ச்சொல்லாக மாறினால் அழுத்தம் முன்னால் போய்விடும். ஷிப்ட் மாறும்போது கொடுக்கும் 'ஹேண்ட்ஓவர்' முன்னால் கனக்கும், 'ஹேண்ட் ஓவர்' என்று வினையாகச் சொன்னால் பின்னால் கனக்கும்.

இன்னொன்று, இந்த ஜோடிகள் பிரிந்துபோகும். "ஐ பிராட் மை பிரேக்ஃபாஸ்ட் அப்" என்பதில் 'அப்' கடைசியில்தான் வருகிறது. "தே டுக் மீ ஆஃப் தோஸ் புளூ டேப்லெட்ஸ்" என்பதில் நடுவில் நோயாளியே உட்கார்ந்திருக்கிறார். வினையைக் கேட்டவுடன் முடிவு செய்துவிடாமல் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். தமிழ்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை, நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது, பிறந்ததிலிருந்து காத்திருந்து பழகியவர்கள். பேசும்போது மட்டும் ஒரு விதியை விடாதீர்கள். 'இட்', 'தெம்', 'ஹிம்' மாதிரிச் சொற்கள் வந்தால், பிரியக்கூடிய ஜோடியில் அவை நடுவில்தான் வர வேண்டும். 'புட் இட் ஆஃப்' சரி, 'புட் ஆஃப் இட்' தப்பு. 'லுக் ஆஃப்டர்' மாதிரி பிரியாத ஜோடியில் கடைசியில் வரும். எது பிரியும், எது பிரியாது என்று குழம்பினால் கேம்பிரிட்ஜ் அல்லது லாங்மேன் கற்போர் அகராதியை இணையத்தில் பாருங்கள், இலவசம்தான். எங்கே பொருளை நுழைக்கலாம் என்று தலைப்பிலேயே காட்டியிருப்பார்கள்.

பயிற்சிக்கு நான் செய்தது மிகச் சாதாரணம். ஓஇடியின் சொந்த இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இருக்கிறது. இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குள்ளேயே எடுத்த டிவி நிகழ்ச்சிகள் யூடியூப்பில் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம் நிறுத்தாமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, பிறகு சப்டைட்டிலோடு ஒப்பிடுவேன். சப்டைட்டிலை முதலிலேயே போட்டுவிட்டால் கண்தான் படிக்கும், காது தூங்கிவிடும். சமைக்கும்போது பின்னணியில் ஓடவிடுவதால் எனக்குப் பெரிதாகப் பலன் ஒன்றும் தெரியவில்லை. பேனாவோடு உட்கார்ந்தால்தான் ஏறியது.

யூடியூப்பில் இன்னொரு வகை வீடியோ உண்டு. 'அப்' என்றால் முழுமை, 'ஆஃப்' என்றால் விலகல், 'டவுன்' என்றால் குறைவு, இதைத் தெரிந்துகொண்டால் எல்லாம் வந்துவிடும் என்பார்கள். பாதி உண்மை. 'வேர் ஆஃப்', 'கட் டவுன்', 'யூஸ் அப்' எல்லாம் அதில் அடங்கும். ஆனால் முழுதாக நம்பினால் வார்டில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கிலாந்து மருத்துவமனையில் என்னோடு ஒரே பேட்சில் வேலைக்குச் சேர்ந்த கோட்டயத்துப் பெண்ணிடம் சிஸ்டர் இன்சார்ஜ், "பெட் ஃபோர்ஸ் பம்ப் இஸ் கோயிங் ஆஃப், கேன் யூ சீ டு இட்?" என்றார், அதாவது நான்காம் படுக்கையில் மருந்து ஏற்றும் கருவியைக் கவனிக்கச் சொன்னார். பம்ப் ஆஃப் ஆகிவிட்டது என்று அவள் பிளக்கைத் தேடிக்கொண்டு ஓடினாள். பம்ப் நன்றாக உயிரோடுதான் இருந்தது, லைனில் காற்று புகுந்து அலாரம் கத்திக்கொண்டிருந்தது. அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் அடிக்கத் தொடங்குகிறது என்று பொருள். பால் 'கோ ஆஃப்' ஆனால் கெட்டுவிட்டது. ஆள் சாப்பாட்டிலிருந்து 'கோ ஆஃப்' ஆனால் பசி போய்விட்டது. இதை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது?

இரண்டாவது முறை ஓஇடியில் லிசனிங் பி வந்தது. கிளப்பிங்கில் பதிவு வேலை நகர்ந்தது. தேர்வைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரேசல் வெர்ப் படித்த உற்சாகத்தில் ரைட்டிங் லெட்டரில் அள்ளித் தெளிக்காதீர்கள். அது டாக்டருக்கோ இன்னொரு நர்ஸுக்கோ எழுதும் கடிதம், அங்கே நம் பழைய 'வாமிட்டட்', 'டிஸ்கன்டினியூட்' தான் அழகு. ஸ்பீக்கிங் ரோல்பிளேயில் நிலைமை தலைகீழ். எதிரே இருப்பவர் நோயாளியாக நடிக்கிறார், அவருக்குப் புரியும்படி பேசுகிறோமா என்பதற்கே மார்க் உண்டு. 'தி எஃபெக்ட் வில் டிமினிஷ்' என்பதைவிட 'இட் வில் வேர் ஆஃப் இன் அ ஃபியூ அவர்ஸ்' என்றால் கேட்கிறவருக்கு நிம்மதி.

நம் ஊர் ஆங்கிலத்திலேயே சில ஃப்ரேசல் வெர்ப்கள் வேறு அர்த்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றை விமானம் ஏறும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். காலேஜ் முடித்ததை 'பாஸ்டு அவுட் இன் 2014' என்று பயோடேட்டாவில் எழுதினால், 2014இல் மயங்கி விழுந்தேன் என்றுதான் அங்கே படிப்பார்கள். பஸ்ஸிலிருந்து நாம் 'கெட் டவுன்' ஆவோம், அவர்கள் 'கெட் ஆஃப்'. ஃபாரத்தை நாம் 'ஃபில் அப்' செய்வோம், அவர்கள் 'ஃபில் இன்'. நாம் லைட்டை 'புட் ஆஃப்' செய்வோம், அவர்கள் 'டர்ன் ஆஃப்', அங்கே 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'ப்ரீபோன்' சொன்னால் விழிப்பார்கள், 'பிரிங் ஃபார்வர்ட்' என்று சொல்லுங்கள்.

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் என் வார்டில் ஒரு தாத்தா இருந்தார். நாட்டின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கத்து ஆள், எல்லோரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார், அது அந்தப் பக்கத்தில் 'கண்ணு' மாதிரி. ஒருநாள் காலை கண் கலங்க, "வீ ஹேட் டு ஹேவ் சார்லி புட் டவுன், டக்" என்றார். எனக்கு அந்த வார்த்தை தெரியாது, ஆனால் முகம் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "சாரி, வாட் டஸ் தட் மீன்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சார்லி அவருடைய நாய், வயதாகி முடியாமல் போனதால் கால்நடை மருத்துவரிடம் ஊசி போட்டு முடித்துவைத்துவிட்டார்கள். பத்து நிமிடம் நாயைப் பற்றிச் சொன்னார். அதிலிருந்து நான் புரியாமல் தலையாட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். ஹேண்ட்ஓவரில் 'சேஸ் அப் தி பிளட்ஸ்', 'வீன் ஹிம் ஆஃப் ஆக்சிஜன்' என்று வேகமாகப் போகும்போது தலையாட்டிவிட்டால் அடிபடுவது நோயாளிதான். ரத்தப் பரிசோதனை முடிவைத் துரத்திக் கேட்க வேண்டுமா, ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. மறுதேர்வுக்கு உடனே பணம் கட்டிவிடாதீர்கள். மாதிரித் தேர்வில் முதல் பகுதியின் காலியிடங்கள் தொடர்ந்து ஒழுங்காக நிரம்பும்வரை காத்திருங்கள், கிளப்பிங்குக்கு ஒரு வருடம் இருக்கிறது. அந்த அக்கா வேலையை விட வேண்டாம் என்றுதான் சொன்னார், நைட் டூட்டி பார்த்துக்கொண்டே படித்தவர் அவர். வேலை கொடுக்கும் என்எச்எஸ் டிரஸ்ட்கள், அதாவது அங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் அமைப்புகள் பல, ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தந்திருக்கின்றன. இன்டர்வியூ முடிவில் கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்கி வையுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். எனக்குத் தேறிய தேர்வின் கட்டணம் மட்டும் முதல் மூன்று மாதத்துக்குள் சம்பளத்தோடு வந்தது. கோச்சிங் சென்டர் பணம் போனது போனதுதான்.